நைமிரன்: பொருள், மூலம், புழக்கம்

கேசவ் ஒரு குழந்தைப் பெயர்ப் புத்தகத்தைச் சாப்பாட்டு மேஜையின் மீது விரித்துவைத்து, நடுவில் ஒரு வரியை விரலால் தொட்டுக் காட்டினான். நிருபமா குனிந்து பார்த்தாள். தான் எழுதிய வாக்கியம் ஒன்றைக் கண்டு அவள் அஞ்சியது அதுவே முதல் முறை.

‘நைமிரன். பொருள்: கண் இமைக்காமல் காப்பவன். மூலம்: சம்ஸ்கிருதம். புழக்கம்: 4,871.’

“எப்படிக்கா இருக்கு?” என்றான் கேசவ். “ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு புஸ்தகக் கடை இருக்கே, அங்க வாங்கினேன். முதல் வாரமே கண்ல பட்டுடுத்து. கொழந்தை ஆத்துக்கு வரட்டும்னுதான் யார்கிட்டயும் சொல்லலை.”

கேசவுக்கும் ஸ்னேஹாவுக்கும் குழந்தை ஏழரை மாதத்தில் பிறந்திருந்தது. ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவு. பத்தொன்பது நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. அதன் மணிக்கட்டில் ‘ஸ்னேஹாவின் குழந்தை’ என்று எழுதிய பட்டை மட்டும் இருந்தது. பதினோராம் நாள் வைக்கவேண்டிய பெயரை வைக்க யாருக்கும் துணிவு வரவில்லை. இப்போது குழந்தை பசவனகுடியில், ஸ்னேஹாவின் தாய்வீட்டில், பால் குடித்துத் தூங்கிக்கொண்டிருந்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை, நாற்பதாம் நாள், இதே மல்லேஸ்வரம் வீட்டில் புண்யாஹவாசனமும் பெயர்சூட்டலும் நடக்கவிருந்தன. அன்று புதன்கிழமை.

“எங்கப்பா பேர் வேங்கடேசன்னு ஒண்ணு இருக்கவே இருக்கு,” என்றார் அப்பா சேஷகிரி. விதான சௌதாவில் சார்புச் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தக் கோப்பிலும் முதல் குறிப்பைத் தானே எழுதியாகவேண்டும் அவருக்கு. “அதுக்கு அர்த்தம் தேடிப் புஸ்தகம் வாங்கவேண்டிய அவசியமில்லை.”

“அது மந்திரத்துல சொல்ற சர்மாப் பேர்ப்பா. அதையும்தான் வைக்கப்போறோம். கூப்பிட ஒண்ணு வேணுமே! எங்க ஆபீஸ்ல மூணு வெங்கடேஷ். ஒருத்தனைக் கூப்பிட்டா மூணு பேரும் திரும்பறான்.”

“நைமிரன்,” என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தாள் அம்மா ருக்கு. “வாயில நன்னாத்தான் வரது. நீங்க சும்னே இருங்கோ.”

“நிருபமா என்ன சொல்றா? அவ சரின்னா எனக்கும் சரி.”

கேசவ் சிரித்தான். “அவளைக் கேக்கறதுக்கு முன்னாடியே பாத்துட்டேன்ப்பா. அவ சைட்லயும் இதே பேர், இதே அர்த்தம். எழுத்துக்கு எழுத்து. ரெண்டு எடத்துல ஒரே மாதிரி இருந்தா சரியாத்தானே இருக்கும்? அதுவும் அக்கா எழுதினதுன்னா.”

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

“பாக்கறேன்,” என்றாள் நிருபமா.

என்ன பார்க்கப்போகிறாள் என்பது அவளுக்கே தெரியவில்லை. அகராதியில் அந்தச் சொல் இல்லை என்பது அவளைவிட யாருக்கும் உறுதியாகத் தெரியாது. இல்லை என்று சரிபார்த்த பிறகே அவள் அதை உண்டாக்கினாள்.

அவள் சம்ஸ்கிருதத்திலும் தமிழிலும் முதுகலை படித்தவள். கல்லூரிகளில் தற்காலிக விரிவுரையாளராக ஏழாண்டு அலைந்துவிட்டு, சென்ற ஆண்டுதான் தொட்டில் டாட் காம் என்னும் சிறு நிறுவனத்தில் சேர்ந்தாள். மர்பி டவுனில் ஒரு மாடி, நான்கு கணிப்பொறிகள், ஆறு பேர். குழந்தைப் பெயர்களுக்கான இணையதளம். உரிமையாளர் பாலகுமார் வேலூரிலிருந்து வந்தவர். அதற்குமுன் தொலைபேசி விவரப் புத்தகம் அச்சிடும் இடத்தில் வேலை பார்த்தவர். ஒவ்வொரு பெயருக்கும் பொருள், மூலம், புழக்கம் என்று மூன்று கட்டங்கள் நிரப்பப்படவேண்டும் என்பது அவர் விதி. முதல் இரண்டையும் நிருபமா அகராதிகளையும் உரைகளையும் பார்த்து எழுதினாள். புழக்கம் என்ற மூன்றாவது கட்டத்துக்கு எந்த ஆதாரமும் இல்லை. பாலகுமார் ஒரு மதிப்பெண் முறை வைத்திருந்தார். தெருவில் கேட்ட பெயருக்கு முந்திய இடம், கேட்காத பெயருக்குப் பிந்திய இடம். அதில் அவளுக்கு உடன்பாடில்லை. அதை எழுத்தில் தெரிவித்துமிருந்தாள்.

ஜூன் மாதத்தில் பாலகுமார் இன்னொன்று சொன்னார்.

“மேடம், டைரக்டரி அடிக்கிறப்போ நாங்க ஒரு வேலை செய்வோம். இல்லாத ஆளு ஒருத்தனை, இல்லாத தெருவுல குடி வெச்சுடுவோம். எவனாவது நம்ம புக்கைக் காப்பி அடிச்சான்னா, அந்த ஆளும் அங்க போய்க் குந்திக்குவான். அப்புறம் தப்பிக்க முடியாது. நாமளும் ஒரு ஏழு பேரு போட்டு வெப்போம். எந்த மொழியிலயும் இருக்கக் கூடாது, ஆனா இருக்கிற மாதிரி இருக்கணும். உங்களாலதான் முடியும்.”

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் அவள் விழுந்தாள் என்பதை இப்போது ஒப்புக்கொள்ளவேண்டியிருந்தது. ஒரே மதியத்தில் ஏழு பெயர்களையும் செய்து முடித்தாள். ஐந்தாவது பெயருக்குப் பொருள் தேடியபோது ஜன்னல் வழியே எதிர்க் கட்டிடம் தெரிந்தது. அதன் வாசலில் காவலாளி உத்தமன், தொப்பி மூக்கின்மேல் சரிய, வாய் திறந்து உறங்கிக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்தபடியே, ‘கண் இமைக்காமல் காப்பவன்’ என்று எழுதினாள். எழுதிவிட்டுச் சிரித்தாள். அன்று அலுவலகத்தில் அவள் சிரித்ததை வரவேற்பில் இருந்த நோரா மற்றவர்களிடம் செய்தியாகச் சொன்னாள்.

கேசவ் புதன்கிழமை கொண்டுவந்த அதே புத்தகத்தைப் பாலகுமார் செவ்வாய்க்கிழமையே கொண்டுவந்திருந்தார்.

“மாட்டிக்கிட்டான் மேடம்! ஏழும் மாட்டிக்கிச்சு! ஒரு எழுத்து மாத்தல பாருங்க. வக்கீலப் பார்த்துட்டேன். நீங்க ஒரு அஃபிடவிட் குடுத்தா போதும். திங்கக்கிழமை காலையில கையெழுத்து.”

வழக்கறிஞர் அனுப்பிய நகலில் நான்காவது பத்தி இப்படி இருந்தது: மேற்கண்ட ஏழு பெயர்களும் என்னால் புனையப்பட்டவை, எம்மொழியிலும் பொருள் இல்லாதவை, உலகில் எவருக்கும் இடப்படாதவை. செவ்வாயன்று நிருபமா அதில் இரண்டு காற்புள்ளிகளைத் திருத்தி, மற்றபடி சரி என்று திருப்பிக் கொடுத்திருந்தாள்.

வியாழக்கிழமை அவள் அலுவலகத்துக்கு அரை மணி முன்னதாகப் போனாள். அந்தப் பெயரின் பக்கத்தைத் திறந்து, நீக்கும் பொத்தானின்மேல் சுட்டியை நிறுத்திப் பார்த்தாள். நீக்கினால் சாட்சியத்தைக் கலைத்ததாகும். நீக்கினாலும் புத்தகத்தில் இருக்கும். புத்தகத்தை எரித்தாலும் கேசவின் வாயில் இருக்கும். பக்கத்தின் அடியில் ஒரு சிறு எண் இருந்தது. ஜூன் முதல் அறுபத்தொரு பேர் அப்பெயரைப் பார்த்திருந்தார்கள். அறுபத்தொருவரில் ஒருவன் தன் தம்பி. அதற்குமேல் அவள் அந்த எண்ணைப் பற்றி யோசிக்கவில்லை, யோசிக்கத் துணியவில்லை.

“ஏழுல ஒண்ணை எடுத்துட்டா என்ன?” என்று பாலகுமாரைக் கேட்டாள்.

“ஏன் மேடம்? ஏழுன்னா ஆணி அடிச்ச மாதிரி. ஒண்ணை உருவுனா, அது ஏன்னு கேப்பான்.” பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். “உடம்பு சரியில்லையா?”

“நல்லாத்தான் இருக்கேன்.”

மதியம் வைட்ஃபீல்டில் கேசவின் அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்தாள். அவன் கூட்டத்தில் இருந்தான். நான்கு மணிக்கு அவனே கூப்பிட்டான்.

“என்னக்கா, அவசரமா?”

“அந்தப் பேரைப் பத்தி…”

“ஐயோ, கார்டு அடிக்கக் குடுத்துட்டேனே! எழுத்துப் பிழை ஏதாவது இருக்கா?”

“பிழைன்னு இல்லை.”

“அப்பாடா. ஸ்னேஹா வேற அதையே ஜபம் பண்ணிண்டிருக்கா. ஒண்ணு தெரியுமோ, அந்தப் பேர் சொன்னதுக்கு அப்புறம்தான் ராத்திரி அவ தூங்கவே ஆரம்பிச்சிருக்கா. சரி, பாஸ் வரார், வெச்சுடறேன்.”

அவள் ரிசீவரைக் கீழே வைத்தாள். பிழை என்று இல்லை: அந்த விடை இலக்கணப்படி சரியானது, உண்மைப்படியும் சரியானது, அதைவிடக் கோழைத்தனமான விடை ஒன்றை அவள் வாழ்வில் சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை அந்தச் சொல்லுக்கு ஏதேனும் ஒரு வேர் கிடைக்காதா என்று தேடினாள். தானே அடைத்த கதவுகளைத் தானே தட்டிப் பார்க்கும் வேலை. ஜூன் மாதத்தில் செய்த வேலை செம்மையாக இருந்தது. எந்த விதியும் எந்த விகுதியும் இடம் கொடுக்கவில்லை. சனிக்கிழமை பசவனகுடிக்குப் போனாள். கேசவ் வாழையிலை வாங்கப் போயிருந்தான். ஸ்னேஹா குழந்தையை அவள் கையில் கொடுத்தாள். ஒரு பூனையின் எடைகூட இல்லாத உடம்பு, துணிக்குள் சூடாக இருந்தது.

“அக்கா, நீங்களும் ஒரு தரம் பேர் சொல்லிக் கூப்பிடுங்கோளேன்,” என்றாள் ஸ்னேஹா.

“நாளைக்குக் காதுல சொல்றதுக்கு முன்னாடி கூப்பிடக் கூடாது.”

“அப்படியா? நான் தெனம் கூப்பிட்டுண்டிருக்கேனே!” ஸ்னேஹாவின் முகம் வெளிறியது. “ஏதாவது தோஷமா அக்கா?”

“அதெல்லாம் இல்லை. சும்மா சொன்னேன்.”

இரண்டு நிமிடத்தில் இரண்டு பொய். வீடு திரும்பும் பேருந்தில் அவள் அவற்றை எண்ணிக்கொண்டு வந்தாள்.

ஞாயிறு காலை ஏழரைக்குச் சடங்கு நடத்தும் வாத்தியார் வந்துவிட்டார். கூடத்தில் கோலம், வாசலில் மாவிலை, சமையலறையில் ருக்குவின் குரல். இருபது பேருக்குமேல் வந்திருந்தார்கள். புண்யாஹவாசன மந்திரங்கள் முடிந்து, தீர்த்தம் வீடெங்கும் தெளிக்கப்பட்டது. தாம்பாளத்தில் பச்சரிசி பரப்பி வைத்தார்கள். கேசவ் பஞ்சகச்சம் கட்டி உட்கார்ந்து, எழுதுவதற்காக மோதிரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஸ்னேஹா மடியில் குழந்தையோடு அவன் பக்கத்தில் அமர்ந்திருந்தாள். நிருபமா தூண் ஓரமாக நின்றாள். அத்தை என்ற முறையில் அவள் முன்னால் வந்து நிற்கவேண்டும் என்று இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள்.

“சர்மா, வேங்கடேச. சரி. கூப்பிடற பேர் என்ன?” என்றார் வாத்தியார்.

“நைமிரன்.”

வாத்தியார் நெற்றியைச் சுருக்கினார். “நைமிரனா? நைமிசாரண்யம் கேள்விப்பட்டிருக்கேன். அம்பி, இது என்னடா புதுசா இருக்கு? அர்த்தம் என்ன?”

“அக்காவைக் கேளுங்கோ மாமா. அவதான் சம்ஸ்கிருதம் எம்.ஏ.”

“பேஷ். சொல்லும்மா, தாது என்ன? நானும் தெரிஞ்சுக்கறேன்.”

சேஷகிரி மகளைப் பெருமிதத்தோடு பார்த்தார். ஒரு பொய் வேரைச் சொல்லிவிடலாம், வாத்தியார் தலையாட்டுவார், மோதிரம் அரிசியில் இறங்கும். மூன்றாவது பொய் மிக எளிதாக இருக்கும் என்று தெரிந்தது. நாளைக்கு நான்காவது பத்தியின் கீழே கையெழுத்தும் எளிதாகத்தான் இருக்கும்.

“மாமா, ரெண்டு நிமிஷம். கேசவ், கொஞ்சம் வா.”

“முகூர்த்தம் போயிண்டிருக்கும்மா!”

“ரெண்டே நிமிஷம்.”

கொல்லைப்புறத்தில், துணி துவைக்கும் கல்லின் பக்கத்தில், அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பாலகுமார், பொறி, ஏழு பெயர்கள், திங்கட்கிழமைக் கையெழுத்து. உத்தமனைக்கூட விடவில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் பாதி உண்மையாகிவிடும் என்று தோன்றியது. அவள் சொல்லச் சொல்லக் கேசவ் கையிலிருந்த மோதிரத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தான்.

“வாட்ச்மேன்,” என்றான் கடைசியில்.

“ஆமா.”

“தூங்கற வாட்ச்மேன்.”

அவள் தலையசைத்தாள்.

“புதன்கிழமை சொல்லியிருக்கலாமே! வியாழக்கிழமை நானே ஃபோன் பண்ணினேனே. பிழைன்னு இல்லைன்னியே?”

“தைரியம் வரலை.”

“இன்னிக்கி எங்கேர்ந்து வந்தது? இருபது பேர் உக்காந்திருக்கா. கார்டு குடுத்தாச்சு.” அவன் குரல் உயரவில்லை; அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. “பத்தொம்பது நாள் அந்தக் கண்ணாடிக்கு வெளியில நின்னேன்க்கா. நர்ஸ் திட்டுவா, போய்ப் படுங்கோன்னு. நான் கண்ணை மூடினா அவன் மூச்சு நின்னுடும்னு தோணும். பைத்தியக்காரத்தனம்தான். அந்த வரியை அங்க நின்னுண்டு படிச்சேன். எழுதறச்சே நீ யாரை வேணா பாத்திருக்கலாம். படிக்கறச்சே நான் பாத்தது அவனை.”

உள்ளிருந்து வாத்தியாரின் குரல் வந்தது. “அம்பி!”

“வேற பேர் வெச்சுக்கலாம் கேசவ். நான் எல்லார்கிட்டயும் சொல்லிடறேன். தப்பு என்னுதுன்னு.”

“ஸ்னேஹாகிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. என்னிக்கும். புரிஞ்சுதா?”

அவன் திரும்பிப் பாராமல் உள்ளே போனான். அவள் பின்னால் போய்த் தூண் ஓரமாக நின்றுகொண்டாள்.

“என்னடா, தாது கெடச்சுதா?” என்றார் வாத்தியார்.

“கண் இமைக்காம காப்பவன்னு அர்த்தம் மாமா,” என்றான் கேசவ். “தாதுவெல்லாம் எனக்குத் தெரியாது. அர்த்தம் எனக்குத் தெரியும்.”

வாத்தியார் ஒருகணம் நிருபமாவைப் பார்த்தார். முப்பது ஆண்டு பழக்கத்தில் எந்த வீட்டில் எதைக் கேட்கக் கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. “நல்ல அர்த்தம்தான். எழுது,” என்றார்.

மோதிரம் அரிசியில் இறங்கியது. ஒவ்வோர் எழுத்தாக அது நகர்வதை நிருபமா பார்த்தாள். கேசவ் குழந்தையின் வலது காதில் மூன்று முறை சொன்னான். குழந்தை கொட்டாவி விட்டது. எல்லோரும் சிரித்தார்கள். சாப்பாட்டுப் பந்தியில் கேசவ் எல்லோரையும் உபசரித்தான். அவள் இலைப் பக்கம் மட்டும் அவன் வரவில்லை.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பாலகுமார் முத்திரைத்தாளையும் பேனாவையும் அவள் முன்னால் வைத்தார். நிருபமா நான்காவது பத்தியை மறுபடி படித்தாள். ஐந்தாம் பெயரின்மேல் ஒரு கோடு இழுத்தாள்.

“ஐயோ மேடம், ஸ்டாம்ப் பேப்பர்!”

“இந்தப் பேர்ல ஒருத்தர் இருக்கார்.”

“இருக்காரா? யாரு? எவ்ளோ வயசு?”

“நாப்பத்தோரு நாள்.”

பாலகுமார் நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. பிறகு மெதுவாக, “சரி, போகட்டும் மேடம். கொழந்தை விஷயம். கோர்ட்டுல அந்தப் பேரை இழுக்க வேணாம். ஆறு பேரு இருக்கு, ஆறே போதும். புதுசா அடிச்சு எடுத்துட்டு வரச் சொல்றேன்,” என்றார்.

அவர் நல்ல மனிதர். அதனால் அடுத்ததைச் சொல்வது கடினமாக இருந்தது.

“அந்த ஆறு பேர் யாருக்கும் வெக்கலைன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“அது நீங்க கண்டுபிடிச்ச பேருதானே?”

“அதுவும் நான் கண்டுபிடிச்சதுதான்.” அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். ஆறு பக்கங்களின் அடியிலும் ஆறு எண்கள். முப்பத்தெட்டு, எழுபது, நூற்றிரண்டு. “இத்தனை பேர் பாத்திருக்காங்க சார். இதுல யார் வீட்டுல கொழந்தை இருக்கு, யார் என்ன முடிவு பண்ணினாங்கன்னு நமக்குத் தெரியாது. உலகத்துல யாருக்கும் இல்லைன்னு நான் எழுதித் தர முடியாது.”

“அப்போ கேசு?”

“நான் உண்டாக்கினேன்னு எழுதித் தரேன். யாருக்கும் இல்லைன்னு தர மாட்டேன்.”

“அந்த வரி இல்லாம நிக்காதுன்னு வக்கீல் சொல்லிட்டாரு மேடம்.”

“தெரியும்.”

அவர் தாளை எடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அன்று அவளிடம் வேறெதுவும் சொல்லவில்லை. தன் வேலை அந்த மடிப்புக்குள் இருந்ததா இல்லையா என்று அவளால் ஊகிக்க முடியவில்லை.

பிற்பகல் மூன்று மணிக்கு அவள் மேஜைத் தொலைபேசி ஒலித்தது. கேசவ் என்று நினைத்து எடுத்தாள். ஸ்னேஹா.

“அக்கா, பர்த் சர்டிஃபிகேட்டுக்கு ஃபாரம் பூர்த்தி பண்ணிண்டிருக்கேன். அவர் என்னமோ உங்களைக் கேக்காதேங்கறார், எனக்குப் புரியலை. அந்தப் புஸ்தகத்துல பேருக்குப் பக்கத்துல நாலாயிரத்து எண்ணூத்து எழுபத்தொண்ணுன்னு போட்டிருக்கே, அது என்ன? அத்தனை பேருக்கு இந்தப் பேர் இருக்கா?”

“இல்லை. அது சும்மா போட்ட நம்பர். நம்பாதே.”

“அப்போ எத்தனை பேருக்கு இருக்கு?”

ஜன்னலுக்கு வெளியே, எதிர்க் கட்டிடத்தின் வாசலில், உத்தமன் விழித்திருந்தான். ஒரு வண்டிக்காரரை உள்ளே விடாமல் கையை நீட்டி வாதாடிக்கொண்டிருந்தான். நிருபமா விடையை மனத்துக்குள் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டாள்.

“எனக்குத் தெரிஞ்சு, ஒருத்தனுக்கு,” என்றாள்.

ஸ்னேஹா மகிழ்ச்சியோடு வைத்துவிட்டாள். நிருபமா ரிசீவரைப் பிடித்தபடியே திரையைப் பார்த்தாள். நைமிரன் பக்கத்தின் அடியில் இருந்த எண் அறுபத்து மூன்றாகியிருந்தது.